பழங்களில் ஈயமும் காட்மியமும்: கழுவினால் நீங்குமா?

கேள்வி:
சந்தைப் பழங்களில் கன உலோகங்கள் இருப்பதாக அறிந்தது முதல், என் இரண்டு வயது மகளுக்குப் பழம் கொடுக்கவே அச்சமாக இருக்கிறது. நன்றாகக் கழுவித் தோலைச் சீவினால் போதுமா?

மறுமொழி 1:
புகையும் தூசியும் பழத்தின் மேல் படியவைக்கும் ஈயத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி ஓரளவு அகற்றலாம். ஆனால் மாசடைந்த மண்ணிலிருந்தும் கழிவுநீர்ப் பாசனத்திலிருந்தும் வேர் வழியாகச் சதைக்குள் ஏறிய காட்மியம் கழுவினாலும் சீவினாலும் நீங்காது. கீரைகளைவிடப் பழங்களில் அது பொதுவாகக் குறைவாகவே சேர்கிறது என்பது ஆறுதல்.

மறுமொழி 2:
பல பழங்களுக்கு ஈயத்தின் கோடெக்ஸ் (பன்னாட்டு உணவுத் தர விதித்தொகுப்பு) வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஆயினும், வரம்புக்குள் இருப்பதை முழுப் பாதுகாப்பு என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. உணவு வழியே உடலில் சேரும் ஈயத்துக்கு முன்பு வகுத்திருந்த வார வரம்பை, உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் நிபுணர் குழு, குழந்தைகளின் அறிவுத்திறன் பாதிக்கப்படுவதைக் கருதி 2010இல் விலக்கிக்கொண்டது. காட்மியமோ சிறுநீரகத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தங்கக்கூடியது.

மறுமொழி 3:
அதற்காகப் பழத்தை நிறுத்திவிடாதீர்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், அவளுடைய ஊட்டத்தைக் கவனியுங்கள். ஒரே பழத்தை நாள்தோறும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஐயம் தீராவிட்டால், இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிப்பது குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.