பிளாப்பி தரவைப் படமாக்கும் ஸ்கிரிப்ட்: நிறத்தில் ஒரு சிக்கல்

வணக்கம் நண்பர்களே. பழைய 3.5 அங்குல பிளாப்பிகளை கிரீஸ்வீசில் (பிளாப்பியின் காந்த சமிக்ஞையை அப்படியே படிக்கும் கருவி) மூலம் எஸ்சிபி கோப்புகளாக (காந்த மாற்றங்களின் நேரங்களைப் பதியும் கோப்பு வகை) எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றை வட்டு வடிவப் படமாக வரைய பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும் என்பதால் நம்பை (எண் கணக்குக்கு), பில்லோ (படத்துக்கு) என்ற இரண்டு பைத்தான் நூலகங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

எச்டி (1.44 எம்பி) வட்டில் காந்த மாற்றங்களுக்கு இடையே சுமார் 2, 3, 4 மைக்ரோவினாடி என மூன்று இடைவெளிகள்தான் வரும். ஆளுக்கொரு நிறம் கொடுத்தேன். நல்ல டிராக்கில் (வட்டின் ஒரு வளையம்) அதன் 18 செக்டர்களும் (வளையத்தின் துண்டுகள்) பிரிந்து தெரிகின்றன, பார்க்கவே அழகு! கெட்டுப்போன இடம் வெறும் புள்ளிக் குவியல்.

சிக்கல் இதுதான்: வட்டு ஒரு முறை சுற்ற 200 மில்லிவினாடி. அதற்குள் 50,000க்கு மேல் மாற்றங்கள். 4000 பிக்சல் அகலப் படத்திலோ வெளிச்சுற்றுக்கே ஏறத்தாழ 12,500 பிக்சல்தான். ஒரே பிக்சலில் நாலைந்து வந்து விழ, கடைசியில் வந்ததன் நிறமே நிற்கிறது. படம் முழுக்க இல்லாத அலைக்கோடுகள். சரி, சராசரி எடுக்கலாம் என்றால் 2ம் 4ம் சேர்ந்து 3 ஆகிவிடுகிறது.

மூன்றின் விகிதத்தையும் சிவப்பு, பச்சை, நீலமாகப் போட்டால் சரிவருமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், இதை லூப் இல்லாமல் நம்பையிலேயே முடிக்க வழி இருந்தால் சொல்லுங்கள். நிரலும் ஒரு மாதிரிக் கோப்பும் கேட்டால் தருகிறேன்.