ஒண்டிப்புதூர் கிரிக்கெட் மைதானம்: 20 ஏக்கர் போதுமா?

வரதராஜபுரம்வாசி

வணக்கமுங்க. 2024 ஏப்ரல்ல முதல்வர் அறிவிச்ச கோவை சர்வதேச மைதானத்துக்கு ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை நிலத்தைப் பார்த்திருக்காங்க. சுமார் 20 ஏக்கர்னு பேச்சு. பேப்பரைப் பிரிச்சா அப்பப்போ 'மைதானம் வருகிறது'ன்னு ஒரு செய்தி. எங்க பகுதி நலச்சங்கத்துல மனு எழுதப் போறோம். வேணும், வேண்டாம்ங்கிற சண்டை இங்க வேண்டாமுங்க. மனுவுல என்ன கேக்கோணும்னு மட்டும் சொல்லுங்க. இத்தனை இடத்துல 30,000 பேர் உக்காரலாமா? திருச்சி ரோடு தாங்குமா? சென்னை சேப்பாக்கம் மைதானத்துல மூணு ஸ்டாண்டைக் கட்டிப் பூட்டி வெச்ச கதை இங்கயும் ஆகாம இருக்க என்ன பண்ணோணும்?

அளவுநாடா

உட்காரலாம். வண்டியை நிறுத்தத்தான் இடம் இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சர்வதேச ஆட்டத்துக்கு எல்லைக்கோடு பிட்ச் நடுவிலிருந்து 59.43 மீட்டருக்குக் குறையக் கூடாது, 82.29-ஐத் தாண்டக் கூடாது. 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக் கயிற்றுக்கும் வேலிக்கும் நடுவே குறைந்தது 2.74 மீட்டர் விட வேண்டும். கேமராவுக்கும் ஆம்புலன்சுக்கும் வழி சேர்த்தால் ஆரம் 80 மீட்டர். அதுவே 5 ஏக்கர். 35 மீட்டர் ஆழத்துக்கு ஸ்டாண்டைச் சுற்றினால் மொத்தம் 10 ஏக்கரைத் தாண்டும். தீயணைப்பு வண்டி சுற்றிவர, கூட்டம் நின்று கலைய வெளியே 15 மீட்டர் விட்டால் 13 ஏக்கர். வலைப்பயிற்சிக் களம், துணைமின் நிலையம், ஜெனரேட்டர், ஒளிபரப்பு வண்டிகளுக்கு 2 ஏக்கர். மிச்சம் ஐந்துதான். நிலம் வட்டமாக இருக்காது, மூலை முடுக்கில் வீணாவது தனி.

அந்த ஐந்தில் மூன்று ஏக்கரை பைக்குக்கு விட்டால் சுமார் 4,000 பைக். இரண்டு ஏக்கர் காருக்கு என்றால் சுமார் 300 கார். பைக்குக்கு 2 பேர், காருக்கு 4 பேர் என்றால் எல்லாம் சேர்த்து 9,200 பேர் வருவார்கள். மீதி 20,800 பேர் பஸ்ஸில்தான் வர வேண்டும். பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 350 நடை. அந்த 350 நடை எங்கே திரும்பும், எங்கே நிற்கும்? மனுவில் முதல் கேள்வி இதுதான். சிங்காநல்லூர் பஸ் நிலையத்தைக் காட்டித் தப்பிக்க விடாதீர்கள்.

விமான நிலையம் பக்கத்தில் இருப்பதையும் மறக்க வேண்டாம். விளக்குத் தூண் 40, 50 மீட்டர் உயரம் போகும், அதற்கு விமான நிலைய ஆணையத்தின் உயர அனுமதி வேண்டும். உயரம் குறைந்தால் விளக்கைக் கூரை விளிம்பில் வைக்க வேண்டிவரும், அப்போது கூரையின் வடிவமைப்பே மாறும். வரைபடம் முடிந்த பிறகு கேட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

மெரினாகாற்று

சேப்பாக்கம் கதையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது எழுந்தவைதான் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள், சுமார் 12,000 இருக்கைகள். கட்டுமானத்தில் கோளாறு இல்லை. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் ஜிம் கட்டடத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லை, அதனால் அனுமதி சிக்கலாகி சீல் வைத்தார்கள். 2019 ஐபிஎல் இறுதிப்போட்டி ஐதராபாத் போனது இந்தப் பூட்டால்தான். ஜிம்மை இடித்த பிறகே வழி பிறந்தது. 

ஆக, மொத்த ஏக்கரை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டாண்டின் வெளிச்சுவரிலிருந்து மதில் வரை ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் கேளுங்கள்.

அடுத்தது வெளியேறும் வழி. பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் கணக்கு: ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர், சமதளத்தில் 82 பேர். 30,000 பேரை 8 நிமிடத்தில் வெளியேற்ற, படிக்கட்டு அகலம் மட்டும் கூட்டினால் 57 மீட்டர் வேண்டும். காகிதத்தில் 57 இருக்கும். ஆட்ட நாளில் சோதனைக்காக ஒரு கதவை மட்டும் திறந்து, வழியில் மூங்கில் தடுப்பும் குளிர்பானப் பெட்டியும் வைத்தால் பாதிதான் தேறும். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 11 பேர் இறந்தது உள்ளே இல்லை, வாசல் கதவருகே. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பூட்டக் கூடாது, பொறுப்பாளர் பெயர் பலகையில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

காரியவட்டம்_சாலை

கட்டுவதை விடுங்கள், ஆட்டம் யார் கொடுப்பது? இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ சர்வதேச ஆட்டத்தை மாநிலச் சங்கத்துக்குத்தான் ஒதுக்கும். அரசு கட்டி, தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தோடு ஒப்பந்தம் இல்லையென்றால் பராமரிப்புச் செலவு மட்டும் மிஞ்சும். கேரளாவைப் பாருங்கள்: திருவனந்தபுரம் மைதானத்தைத் தனியார் கூட்டில் கட்டினார்கள், சர்வதேச ஆட்டம் வருவதோ எப்போதாவது. 2023 ஜனவரியில் இந்தியா இலங்கையை 317 ரன்னில் வென்ற ஆட்டத்துக்குக்கூட இருக்கைகள் காலியாகக் கிடந்தன. கொச்சியில் 2018-ல் கால்பந்துப் புல்லை கிரிக்கெட்டுக்காகக் கிளறக் கூடாது என்று சண்டை வந்து, ஆட்டமே திருவனந்தபுரம் போனது.

கோவையில் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாட்டு டி20 லீக்கான டிஎன்பிஎல், மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. என் யோசனை, முதலில் 12,000 இருக்கையோடு நிறுத்தி, மற்ற நாட்களில் பள்ளி, மாவட்ட லீக் ஆட்டங்களுக்கு வாடகை நிர்ணயித்துத் திறக்கச் சொல்லுங்கள்.

வரதராஜபுரம்வாசி

12,000ன்னா பெரிய ஆட்டம் வராதுன்னு சொல்வாங்களேங்க?

காரியவட்டம்_சாலை

அடித்தளமும் தூணும் 30,000-க்கு, மேல் அடுக்கு பிறகு. அப்படிக் கட்டலாம், அதற்கு வரைபடத்திலேயே இடம் விட வேண்டும்.

அரசாணைவாசகன்

பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். அறிவிப்பு, திட்ட அறிக்கை, நிர்வாக ஒப்புதல் அரசாணை, டெண்டர், பணி ஆணை. ஐந்துக்கும் நிருபர்கள் எழுதுவது 'மைதானம் வருகிறது' என்ற ஒரே தலைப்புதான். செய்தியில் அரசாணை எண்ணும் தேதியும் இல்லையென்றால் அது இன்னும் பேச்சுதான். அரசாணை எண் இருந்தாலும்கூட, 'நிர்வாக ஒப்புதல்' என்றால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதி வந்துவிடும், புது டெண்டர் நின்றுவிடும். அதனால்தான் அதற்கு முந்தைய வாரங்களில் அடிக்கல் குவியும். அடிக்கல்லுக்குக் கைதட்டாமல் பணி ஆணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இன்னொன்று தண்ணீர். இத்தனை பெரிய புல்தரைக்கு சிறுவாணித் தண்ணீரை எடுத்தால் ஊரே திட்டும். ஒண்டிப்புதூரிலேயே மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அந்த நீரைக் குழாயில் கொண்டுவர திட்ட அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள். உப்பு அதிகமானால் புல் கருகும், அதனால் மாதாமாதம் நீர்ப்பரிசோதனையும் சேர்த்து.

அளவுநாடா

சாலைக்கு ஒரு வரி. சிந்தாமணிப்புதூரில் எல் அண்டு டி பைபாஸ் திருச்சி ரோட்டைக் கடக்கிறது. வெளியூர்க் கார்களை அங்கேயே நிறுத்தி பஸ் மாற்ற வேண்டும். அந்த நிறுத்துமிடத்துக்கு நிலம் இப்போதே ஒதுக்கினால்தான் உண்டு.