14 ஜிபி ஃபைலில் கொளத்தூர் களத்தூர் ஆனது

பெருங்குடியில் ஒரு சின்ன அலுவலகத்தில் டேட்டா வேலை பார்க்கிறேன். போன மாதம் முகவரிப் பதிவுகள் அடங்கிய ஒரே ஃபைல் வந்தது. எல்லாம் தமிழில், 14 ஜிபி. என் மெஷினில் ரேம் 8 ஜிபிதான்.

என் பைத்தான் ஸ்கிரிப்ட் முழு ஃபைலையும் ஒரே மூச்சில் படித்து, வரிகளாகப் பிரித்து லிஸ்டில் வைக்கும். ரேம் நிரம்பியது, ஸ்வாப் (ரேமில் இடமில்லாததை டிஸ்க்குக்கு மாற்றுவது) தொடங்கியது, மவுஸ்கூட நகரவில்லை. சாயங்காலம் மெஷினை அணைத்துவிட்டுப் பறக்கும் ரயில் ஏறினேன். டிஸ்க்தான் மெதுவு, எஸ்எஸ்டி கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைப்பு.

மறுநாள் எங்கள் சீனியர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "ஃபைல் 14 ஜிபின்னா லிஸ்டும் அவ்வளவுதான்னு கணக்குப் போடாதே. ஒவ்வொரு வரியும் தனி ஆப்ஜெக்ட், எழுத்து போக ஒவ்வொண்ணுக்கும் ஐம்பது பைட்டுக்கு மேல போகும்" என்றார். ஃபைல் மேலேயே நேராக ஃபார் லூப் ஓட்டி, ஒவ்வொரு வரியாகப் படித்து, அதன் வேலை முடிந்ததும் அந்த வரியை விட்டுவிடச் சொன்னார். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ரேம் அசையவே இல்லை.

ஆனால் இது தினமும் ஓட வேண்டிய வேலை. வரிக்கு வரி சுற்றுவதைக் குறைக்க, 4 எம்பி துண்டுகளாக பைட்டாகவே படித்து, துண்டை மொத்தமாக எழுத்தாக மாற்றினேன். சில பைட்டுகளை எழுத்தாக மாற்ற முடியவில்லை என்று யூனிகோட் பிழை வந்தது. பிழையைக் கண்டுகொள்ளாதே என்று 'இக்னோர்' போட்டேன். அது பெரிய தப்பு. வெளியீட்டில் ஓரிடத்தில் கொளத்தூர் 'களத்தூர்' என்று இருந்தது.

எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கொ' என்பது க-வுக்கு 3, கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து 3. துண்டு அந்த இரண்டாவது மூன்றின் நடுவே வெட்டினால் இரு பக்கமும் செல்லாத பைட்டாகி உதிர்ந்துவிடும். 14 ஜிபியில் மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வெட்டு. களத்தூர் என்றும் ஊர் உண்டு என்பதால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. ஒருவருடைய முகவரி அது!

சரி, தீர்வு: துண்டில் கடைசியாக வரும் வரிமுறிவு வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை அடுத்த துண்டின் தலையில் ஒட்டுங்கள். வரிமுறிவின் பைட் வேறு எந்த எழுத்துக்குள்ளும் வராது. இப்போது பதினோரு நிமிடம்.

—

அம்பத்தூரிலிருந்து எழுதுகிறேன், தம்பி. நேரம் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். என் 3 ஜிபி லாக் ஃபைல் முதல் தடவை ஐம்பது விநாடி, ஸ்கிரிப்டை மாற்றிய பிறகு ஐந்து விநாடி. மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம் பழைய ஸ்கிரிப்டை ஓட்டினால் அதுவும் ஆறு விநாடிதான். முதல் தடவை படித்ததை லினக்ஸ் காலி ரேமில் கேஷாக வைத்திருந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு முறை அளக்கும் முன்னாலும் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) அந்த கேஷைக் காலி செய்துவிடுகிறேன்.

—

நன்றி அண்ணா. என் ஃபைல் ரேமைவிடப் பெரிது, முழுதாகக் கேஷில் அடங்காது என்றாலும், இரண்டு முறையையும் கேஷ் காலி செய்து நாளைக் காலை மறுபடி ஓட்டி, நேரத்தை இங்கே போடுகிறேன்.