மறு: 'ஹேட் இன்சிடென்ட்' தமிழில் எப்படி?

> ஹேட் கிரைம் 'வெறுப்புக் குற்றம்' என்று நிலைத்துவிட்டது. ஹேட் இன்சிடென்டுக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, வணக்கம்.

வைத்துக்கொண்டால் விசாரணையின் முதல் படியே காணாமல் போய்விடும். 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்துக்குக் காத்திருந்தபோது குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கைப் போலீசார் கோட்டைவிட்டதை ஆராய்ந்த மெக்பர்சன் அறிக்கை 1999இல் வெளியானது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ இனவெறி என்று கருதினாலே அதை அப்படியே பதிய வேண்டும் என்றது அது. ஆதாரமெல்லாம் அப்புறம். நமக்குச் சொல் வேண்டியது இந்தப் பதிவுக்குத்தான். தெருவில் ஒருவர் இன்னொருவரை மதத்தைச் சொல்லி ஏசிவிட்டுப் போனால் அது குற்றமாகாமலும் போகலாம். அடுத்த மாதம் அதே வீட்டு ஜன்னலில் கல் விழும்போது பழைய பதிவு கைகொடுக்கும்.

'வெறுப்பு நிகழ்வு' என்றால் ஏதோ மேடை போட்டு நடத்துகிற மாதிரி இருக்கிறது. 'வெறுப்புச் சம்பவம்' என்கிறேன். 'சம்பவ இடம்' என்று நம் போலீசார் தினமும் எழுதுவதுதானே. 'தரமான சம்பவம்' என்று பிள்ளைகள் கலாய்த்தால் கலாய்க்கட்டும்.

அடுத்தது 'பயஸ் இண்டிகேட்டர்', அதாவது ஒரு சம்பவத்துக்குப் பின்னால் வெறுப்பு இருக்கலாம் என்று காட்டும் தடயம். வெறுப்புக் குற்றமா என்று முடிவெடுக்க அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. வழிகாட்டுதலில் இரண்டு கட்டம். முதலில் போகும் போலீஸ்காரர் சந்தேகத்தைக் குறித்துவைப்பார். இதற்கென்று பயிற்சி பெற்ற மற்றொருவர் அதை ஆராய்ந்து முடிவெடுப்பார். இருவரும் தேடுவது இவற்றைத்தான்: அடிக்கும்போது என்ன சொல்லித் திட்டினான், சுவரில் என்ன கிறுக்கினான், பண்டிகை நாளா, வழிபாட்டிடமா, பணத்தைத் தொடாமல் ஆளை மட்டும் அடித்தானா. இதை 'வெறுப்பு அடையாளம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இன, மத அடையாளத்தோடு அது குழம்பும். 'அறிகுறி' போதும்.

முன்னால் வரும் 'பயஸ்' என்ற சொல்லில்தான் சிக்கல். 'சார்பு' என்றால் ஒருவர் பக்கம் நிற்பது. இங்கே நடப்பது எதிராக. 'காழ்ப்பு அறிகுறி' என்று வைக்கலாமா? 'அரசியல் காழ்ப்புணர்ச்சி' என்று அறிக்கைகளில் அடித்துத் துவைத்த சொல் என்பதால் தனிப்பட்ட பகை என்று படித்துவிடுவார்களோ எனத் தயக்கம். பகை இருந்தால் அது வேறு வழக்கு. இங்கே அடித்தவனுக்கு அடிபட்டவர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். 'வெறுப்பு அறிகுறி' என்றே விட்டுவிடலாமா, குழுவினர் சொல்லுங்கள்.