எண்ணூர் புகைபோக்கி அழகா இருக்குன்னு சொல்லலாமா?

எண்ணூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அஞ்சல் வழியில எம்.ஏ. தத்துவம், முதல் வருஷம். பகல்ல மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல கணக்கு எழுதுறேன். கூடப் படிக்கிறவங்கன்னு யார் முகத்தையும் பார்த்ததில்ல, அதனால சந்தேகத்தை இங்கதான் கொட்டணும்.

எங்க தெருப் பையன் ஒருத்தன் முகத்துவாரத்துல நின்னு சாயங்காலம் ஒரு போட்டோ எடுத்தான். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிங்க கறுப்பா வரிசை கட்டி நிக்குது, புகை செம்பருத்திக் கலர்ல விரியுது, முன்னால தண்ணியில ஒத்தை ஃபைபர் படகு, அதுல ஒரு ஆள். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு கண்காட்சியில பெருசா பிரிண்ட் போட்டு மாட்டினாங்க. தெருவே கிளம்பிப் போச்சு, நானும் போனேன். பார்த்ததும் எனக்கே பேச்சு வரல. அவ்வளவு அழகு. பக்கத்துல நின்ன ஒரு அம்மா, "எவ்ளோ அமைதியா இருக்கு இல்ல?"ன்னாங்க. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு.

அந்த போட்டுல இருக்கறது எங்க சித்தப்பா. அமைதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொசஸ்தலை ஆத்துல மின் நிலையத்துச் சாம்பல் படிஞ்சு படிஞ்சு மேடாயிப் போச்சு. தண்ணி வத்தினா போட்டு தரை தட்டும். திரும்ப ஏறுற வரைக்கும் அவரு சும்மா உக்காந்திருக்காரு, அவ்வளவுதான்.

இப்ப பாடத்துக்கு வரேன். ஒண்ணு அழகா இல்லையான்னு சொல்றப்போ அதால எனக்கு என்ன லாபம், அது இருக்கணுமா வேணாமா, இதெல்லாம் கணக்குல வரக்கூடாதுன்னு ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் சொல்றாராம். அப்படின்னா என் கோபத்தை வாசல்ல செருப்பு மாதிரி கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள போகணுமா? அந்த அம்மா பார்த்ததுதான் சரியான பார்வையா? அசைன்மென்டுக்காக மட்டும் கேக்கல.

பெரம்பூர் வாத்தியார்:

நல்ல கேள்வி அம்மா. முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், இந்தக் கோபத்தோடு ஒரு மாணவரும் கேட்டதில்லை.

உங்கள் கேள்வி கான்டுக்கே தெரியும். 1790இல் வந்த அவருடைய மூன்றாவது விமரிசன நூலில் ('தீர்ப்புத் திறன் பற்றிய விமரிசனம்'), இரண்டாவது பகுதியிலேயே ஒரு அரண்மனை வருகிறது. "இது அழகா?" என்று ஒருவர் கேட்கிறார். வெறுமனே வாய் பிளந்து பார்ப்பதற்காகக் கட்டியதெல்லாம் எனக்குப் பிடிக்காது என்று நான் சொல்லலாம். பாரிசுக்கு வந்த, வட அமெரிக்கப் பழங்குடியான இராகுவாய் இனத் தலைவர் ஒருவருக்கு அங்கிருந்த சாப்பாட்டுக் கடைகளைத் தவிர எதுவுமே பிடிக்கவில்லையாம், அவரைப் போலவும் பதில் சொல்லலாம். அல்லது பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோ பாணியில், மக்களின் வியர்வையை இப்படி வீண் ஆடம்பரத்தில் கொட்டுகிறார்களே என்று பெரிய மனிதர்களைத் திட்டலாம். கான்ட் இதில் எதையும் தப்பு என்று சொல்லவில்லை. அத்தனையையும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் கேட்ட கேள்வி அது இல்லை என்கிறார்.

ஆக, உங்கள் கோபத்தை அவர் விரட்டவில்லை. அது அறம் பற்றிய தீர்ப்பு, இது அழகு பற்றிய தீர்ப்பு, இரண்டுக்கும் தனித்தனி இலாகா. பிரித்தது நியாயமா என்று வேண்டுமானால் சண்டை போடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் படம் கான்டின் கணக்கில் அழகு என்பதைவிடப் பிரம்மாண்டம் என்ற தலைப்பில் வரும். அதே நூலின் 28ஆம் பகுதியைப் படியுங்கள். தலைக்கு மேல் தொங்கும் பாறை, இடி மின்னல், எரிமலை, கொந்தளிக்கும் கடல் எல்லாம் அங்கே வரும். எவ்வளவு பயங்கரமோ அவ்வளவு ஈர்க்கும் என்கிறார். கூடவே ஒரு நிபந்தனை வைக்கிறார்: பார்க்கிறவர் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும்.

காசிமேட்டான்:

அக்கா, இதே மேட்டர்ல இன்னொரு ஆளும் இருக்காரு. எட்வர்ட் புல்லோன்னு ஒரு அழகியல்காரர், 1912ல ஒரு கட்டுரை. கடல்ல பனிமூட்டம் வந்தா கப்பல்ல எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும். ஆனா ஆபத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டுப் பார்த்தா அதே மூட்டம் பால் திரை மாதிரி அழகா தெரியும்ங்கறாரு. ரசனைக்கு மனசுல ஒரு தூரம் வேணுமாம். காலேஜ்ல இதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு. அவரு சொல்றது பயணி கதை.

எங்கப்பா லாஞ்ச் டிரைவர். தை மாச மூட்டத்துல எதிர்ல கப்பல் வருதா இன்னான்னு தெரியாம சுக்கானைக் கெட்டியா புடிச்சுக்கினு, அதே நேரத்துல "டேய், பால் ஊத்தினாப்ல கீது பாரு"ம்பாரு. பயத்தை எங்கயும் தள்ளி வெக்கல. கை நடுங்கும், கண்ணும் ரசிக்கும். அதனால பாதுகாப்பா நிக்கிறவனுக்குத்தான் அழகு தெரியும்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். கஷ்டப்படுறவனுக்கு ரசனை கெடயாதுன்னு சுத்தி வளைச்சு சொல்ற மாதிரி கீது.

வியாசர்பாடி ஸ்டுடியோ:

நான் கல்யாண போட்டோ எடுக்கறவன், தத்துவம் தெரியாது. ஆனா ஜெர்மன் எழுத்தாளர் வால்டர் பெஞ்சமினை மட்டும் விடாம படிச்சிருக்கேன், நம்ம தொழிலைப் பத்திப் பேசுன ஆளாச்சே. 1934ல அவரு சொன்னதோட சாரம்: கேமரா எவ்வளவு தேறிப் போச்சுன்னா, குடிசைப்பகுதியையும் குப்பை மேட்டையும்கூட மெருகேத்தாம எடுக்கத் தெரியாது, வறுமையையே ரசிக்கிற பண்டமா ஆக்கிடுச்சு. நாடகாசிரியர் பிரெக்ட் சொன்னதையும் அவர் 1931லயே எடுத்துக் காட்டியிருக்காரு: க்ரூப் உருக்கு ஆலையை போட்டோ எடுத்தா ஆலைக்குள்ள நடக்கறதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது.

2017 ஜனவரில எண்ணூர் கடல்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? ஜனங்க பக்கெட்டால வாரினாங்க. கரி பூசின கைங்க, பின்னால பளபளன்னு கடல். சில படம் அவ்ளோ ஜோர். யார் வாரியிருக்கணும், ஏன் பக்கெட்டுன்னு எந்தப் படமும் சொல்லல.

பெஞ்சமின் வழியும் சொல்றாரு. படத்துக்குக் கீழ எழுதுற வரிதான் அதைக் காப்பாத்தும், அதை எழுதத் தெரியணும்ங்கறாரு. பையன் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருந்துச்சு?

எண்ணூர்க்காரி:

கீழ "தனிமை"ன்னு போட்டிருந்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தேன்.

வாத்தியார் சார், 28ஆம் பகுதி படிச்சேன். அந்த ஒரு நிபந்தனையிலதான் எல்லாமே இருக்குன்னு தோணுது. கான்ட் பாதுகாப்பான இடத்தை மழை, வெயில் மாதிரி யாருக்கும் கிடைக்கிற சமாச்சாரமா எழுதிட்டுப் போறாரு. எரிமலைன்னா சரி, தள்ளி நின்னுக்கலாம். புகைபோக்கி எங்க நிக்கணும், சாம்பல் எந்த ஆத்துல விழணும்ங்கறது ஆள் உக்காந்து ஃபைல்ல கையெழுத்து போட்டு முடிவு பண்றது. பழைய எண்ணூர் நிலையம் 1970ல ஓட ஆரம்பிச்சு 2017ல நின்னுச்சு. எங்க அம்மா மாடியில துணி காயப்போட்டு, உதறிட்டுத்தான் மடிக்கும். ஆழ்வார்பேட்டைக்குக் கரன்ட் போகுது, சாம்பல் போகல. அந்த அம்மா ரசிக்கிறதுக்கு நின்ன தூரத்தை நாங்கதான் கொடுத்திருக்கோம். அழகுக்கும் அறத்துக்கும் தனி இலாகா போடலாம் சார், ஆனா ரெண்டுக்கும் ஒரே கட்டடம்.

காசிமேட்டுத் தம்பி, நீ சொன்னது என்னை ரெண்டு நாள் தூங்க விடல. சித்தப்பாகிட்ட கேட்டேன், அந்த சாயங்காலம் அங்க என்ன பண்ணேன்னு. "வானம் நல்லா இருந்துச்சு, பார்த்துட்டு உக்காந்திருந்தேன்"னுட்டாரு! கோபம் எனக்குத்தான், அவருக்கு இல்ல. அப்ப படத்துல இல்லாதது அவரோட பார்வைதான். அவரு பார்க்குற ஆளா இல்ல, பார்க்கப்படுற நிழலா இருக்காரு.

பெரம்பூர் வாத்தியார்:

ஒரே கட்டடம் என்றதை ஏற்கிறேன். கான்டிடமே அதற்கு ஒரு கதவும் இருக்கிறது: 40ஆம் பகுதி, மற்ற எவருடைய இடத்திலும் நின்று யோசிப்பது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் 1970இல் நடத்திய வகுப்புகளில் இதைப் பிடித்துக்கொண்டார். அரசியல் தீர்ப்புக்கு வேண்டிய திறன் அழகைத் தீர்மானிக்கும் திறனிலேயே ஒளிந்திருக்கிறது என்பது அவர் வாதம். கற்பனையை அடுத்தவர் வீட்டுக்குப் போய்வரப் பழக்க வேண்டும் என்கிறார். கவனியுங்கள், அடுத்தவராக மாறி அழுவதை அவர் கேட்கவில்லை. அவர் இடத்தில் நின்றுகொண்டு நம் புத்தியால் யோசிக்கச் சொல்கிறார். அந்த அம்மாள் உங்கள் சித்தப்பாவுக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. போட்டில் உட்கார்ந்தால் எது தெரியும் என்று யோசித்தால் போதும்.

வியாசர்பாடி ஸ்டுடியோ:

அதுக்கும் படம் உதவணும்ல வாத்தியாரே. போட்டுல ஏறி நின்னு கரையை எடுத்திருந்தா?

எண்ணூர்க்காரி:

பையன்கிட்ட அதையும் சொல்லிட்டேன். அடுத்த வாரம் சித்தப்பா கூட போட்டுல போறானாம், கேமராவை அவரு கையிலயும் கொடுக்கச் சொல்லியிருக்கேன். பழைய படத்துக்குக் கீழ "தண்ணி ஏறக் காத்திருக்கிறார், கொசஸ்தலை ஆறு, சாம்பல் மேடு"ன்னு எழுதச் சொன்னேன். "சாம்பல்னு எழுதினா யாரும் வாங்க மாட்டாங்கக்கா"ன்னான். வாங்க வேணாம்டான்னேன். ஃப்ரேம் போட்ட காசை யார் கொடுப்பான்னு கேக்கறான். அதுக்கு கான்டும் பதில் சொல்லல, நானும் இன்னும் சொல்லல.