மார்கழி நிதி சேர்ப்பு: 10 லட்சம், எங்கயிருந்து தொடங்கிறது?

புதுப்பொருளாளர்:
எங்கட சனசமூக நிலையத்தில வாசிகசாலைக் கூரை மாத்தவும் பின்னேர வகுப்புக்குப் புத்தகம் வாங்கவும் 10 லட்சம் ரூபா வேணும். மார்கழி முடிய முன்னம் சேர்க்க யோசினை. ஊர், வெளிநாடு எண்டு 200 பேரின்ர வாட்ஸ்அப் இலக்கம் இருக்கு. குழுவில அறிவித்தல் போட்டாக் காணுமோ? வரிச் சலுகை கிடைக்குமோ எண்டு கனடா, லண்டன் ஆக்கள் கேக்கினம்.

கணக்குப்பிள்ளை:
காணாது. எல்லாரும் கைகூப்பின படம் போடுவினம், காசு வராது. முதல்ல கொப்பியில எழுதுங்கோ: 2 லட்சம் ஒராள், 1 லட்சம் 2 பேர், 50,000 5 பேர், 10,000 15 பேர், 5,000 40 பேர். 63 பேர், 10 லட்சம். ஒராள் தர மூண்டு பேரைக் கேக்கவேண்டி வரும் எண்டு வையுங்கோ, உங்கட 200 மட்டுமட்டு.

முதல் எட்டுப் பேரிட்டத்தான் ஆறரை லட்சம் நிக்குது. அவையோட ஐப்பசியிலயே ஆள் பிரிச்சு நேர கதையுங்கோ, தொகையையும் வாய்விட்டுச் சொல்லுங்கோ. "ஏலுமானதைத் தாங்கோ" எண்டா லட்சம் தரக்கூடியவர் 5,000 ஐ நீட்டிப்போட்டு நிம்மதியாப் போவார். நாலு லட்சம் உறுதியான பிறகு குழுவில போடுங்கோ. வெறும் பட்டியலில முதல் பேரா நிக்க ஒருத்தருக்கும் விருப்பமில்லை.

மாரித்தவளை:
ஊருக்குள்ள வீடு வீடாப் போறதெண்டா மழைக்கு முன்னம் முடியுங்கோ. படம் மட்டும் மழையிலதான் எடுக்கோணும்: பேப்பர் மேசைக்குப் பக்கத்தில வாளி, அதுக்குள்ள ஒழுக்குத் தண்ணி. வெயிலில எடுத்த கூரையைப் பாத்து ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. மேசன் எழுதித் தந்த கணக்கையும் சேர்த்துப் போடுங்கோ, ஓடு எத்தினை, மரம் எவ்வளவு, கூலி எவ்வளவு எண்டு.

பனிக்காலம்:
உங்கட வங்கிக் கணக்குக்கு நேர போட்டா வரிச் சலுகை இல்லை. கனடாவில, அங்க பதிவான தர்ம அமைப்பின்ர பற்றுச்சீட்டு வேணும். சாதாரணமா மார்கழி 31 கடைசி நாள். பிரித்தானியாவில கிஃப்ட் எய்ட்: வரி கட்டுற ஒராள் அங்கத்தைய தர்ம அமைப்புக்கு 100 பவுண்ஸ் குடுத்தா, அமைப்பு அரசிட்ட மேலதிகமா 25 எடுக்கலாம். ஆனா அவையின்ர வரி ஆண்டு சித்திரை 5 இலதான் முடியுது. மார்கழி அவசரம் லண்டனில எடுபடாது, நத்தார், பொங்கலைச் சொல்லிக் கேளுங்கோ. அந்த அமைப்புகளும் காசை வாங்கிச் சும்மா இஞ்ச தள்ளிவிட ஏலாது, செலவுக் கணக்குக் கேக்கும். அதால புரட்டாதியிலயே கதைச்சு வையுங்கோ.

கடைசி ஞாபகச் செய்தியை 31ஆம் திகதி இலங்கை நேரம் பின்னேரம் 7:30க்கு அனுப்புங்கோ. ரொறன்ரோவில அப்ப காலமை 9 மணி, முழு நாளும் கிடக்கு.

நேர அனுப்புற ஆக்களுக்கு, வங்கிச் செலவு முழுக்க அனுப்புறவர் கட்டுற தெரிவைச் சொல்லுங்கோ. இல்லாட்டி இடையில நிக்கிற வங்கி வெட்டி எடுக்கும். கணக்கின்ர பேரும் வங்கிப் புத்தகத்தில இருக்கிற மாதிரியே, எழுத்து மாறாம வேணும்; மாறினாக் காசு திரும்பிப் போகலாம்.

புதுப்பொருளாளர்:
நன்றி. இடையில வெட்டினா எந்தத் தொகைக்குப் பற்றுச்சீட்டு எழுதிறது?

கணக்குப்பிள்ளை:
கணக்கில விழுந்த தொகைக்கு. அனுப்பின தொகையை நன்றிச் செய்தியில சொல்லலாம். காசு போட்ட துண்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, வங்கிக் கூற்றில சிலவேளை பேர் விழாது. பற்றுச்சீட்டுப் புத்தகம் இலக்கம் அடிச்சதா, கார்பன் பிரதியோட இருக்கோணும். எழுதினது பிழைச்சாத் தாளைக் கிழிக்காம குறுக்க கோடு போட்டு அதுக்குள்ளயே விடுங்கோ.