காய்ச்சலோட ஷூ கம்பெனிக்கு ஏன் வர்றாங்க?

கேள்வி: ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிங்கள்ல ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சந்தா கூலியில பிடிக்கிறாங்க. அப்புறமும் 102 டிகிரி காய்ச்சலோட தையல் லைன்ல வந்து உட்கார்றாங்களே, ஏன்?

பதில் 1: கணக்குப் போட்டா புரியும். ஈ.எஸ்.ஐ. தர்ற நோய்க்கால உதவித்தொகை கூலியில 70 சதவீதம்தான். முதல் 2 நாளுக்கு அதுவும் கிடையாது (15 நாளுக்குள்ள மறுபடி படுத்தா மட்டும் அந்த 2 நாள் கழிவு இல்ல). 3 நாள் காய்ச்சலுக்குக் கைக்கு வர்றது ஒரு நாள் பணம். அட்டெண்டன்ஸ் போனஸ் வேற போயிடும். மாத்திரையைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறாம என்ன பண்ணுவாங்க?

பதில் 2: பணம் மட்டுமில்லண்ணா. ஒரு மெஷின் காலியானா அப்பர் (ஷூவோட மேல்பாகம்) அங்கேயே குவிஞ்சு லைன் டார்கெட்டே விழும், சூப்பர்வைசர் பேச்சு தனி. பசை ஒட்டுற இடம்தான் ரொம்ப மோசம், இருமலோட அந்த வாடை சேர்ந்தா தலை சுத்தும்.

பதில் 3: நாலஞ்சு நாள் இழுக்கும்னு தெரிஞ்சா முதல் நாளே ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில சான்றிதழ் வாங்கிடுங்க. மெடிக்கல் ஷாப் மாத்திரையில ஓட்டின நாள் கணக்குல வராது. உதவித்தொகை கிடைக்க 6 மாசத்துல 78 நாள் சந்தா இருக்கணும். ஏப்ரல்–செப்டம்பர் சந்தா அடுத்த ஜனவரி–ஜூனுக்குத்தான் உதவும். புதுசா சேர்ந்தவங்க மாட்டுறது இங்கதான். வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்.